படிக்கல்லைச் சோதியுங்கள்



அளவில் மோசம் செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனின் 83-வது சூரா அமைந்திருப்பதை நாமறிவோம். அறிந்தே குறைப்பவனுக்கு அந்த எச்சரிக்கை போதும். அறியாமல் குறைப்பவன் கதி என்ன?

வானத்தைப் பாருங்கள். நக்ஷத்திர மண்டலங்கள் நம்மை விட்டு விலகுகின்றன, தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது என்று 1929-ல் அமெரிக்க வானநூல் அறிஞர் எட்வின் ஹபிள் அறிவித்தார். தூரத்தை நிறுக்க அவருக்குப் படிக்கல்லாயிருந்தவை, ஒளி கூடிக் குறையும் செபீட் நக்ஷத்திரங்கள். துடிப்பு நீளுமளவு பிரகாசமும் மிகும் என 1912-ல் ஹென்ரியெட்டா லீவிட் அம்மையார் கண்டிருந்தார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், மங்கித் தெரியும் அளவைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம்.

ஹபிளின் கணக்கில், 32.6 லக்ஷம் ஒளியாண்டுத் தூரத்துக்கு வேகம் வினாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அதன்படி பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 200 கோடி வருஷம். பூமியின் பாறைகளோ அதற்கும் மூத்தவை! தாயைவிட மகன் மூத்தவனாவானா?

1952-ல் வால்டர் பாடே என்பவர் பிழையை எடுத்துக் காட்டினார். செபீடில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒரே படிக்கல்லாகப் பாவித்து விட்டார்கள். மண்டலங்களின் தூரங்கள் சுமார் இரட்டித்தன. அறிஞர்கள் வெட்கி மறைக்கவில்லை; பேரேட்டைத் திருத்தினார்கள். இன்றும் அந்த வேகம், ஆதி ஒளியைக் கொண்டு கணக்கிட்டால் 67, செபீடுகளின் வழியே அளந்தால் 73. இரு கணக்கும் ஒட்டவில்லை. ஒட்டியதாகப் பொய் எழுதாமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சகோதரர்களே, சில வருஷங்களுக்கு முன் ரமலானுக்காகக் கடையைக் கழுவியபோது, சரக்கு வைக்கும் தராசுத் தட்டின் அடியில் மாவும் எண்ணெயும் இறுகியிருந்ததைக் கடைப் பையன் காட்டினான். எத்தனை மாதமோ, ஒவ்வொரு நிறையிலும் பிறர் ஹக்கு கொஞ்சம் என் கல்லாவில் விழுந்திருக்கிறது! பற்றுவழிப் புத்தகத்தில் இருந்தோருக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ரொக்கத்துக்கு வாங்கிப் போனவர்களை எங்கே தேடுவது? அவர்கள் பேரால் ஸதகா செய்து, தவ்பாச் செய்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

கைக்கெட்டாத வானத்தை அளப்போரே தம் படிக்கல்லைச் சந்தேகிக்கிறார்கள். கையிலுள்ள தராசை நாம் சந்தேகிக்க வேண்டாமா? மாதம் ஒருமுறையாவது சோதியுங்கள். மஹ்ஷரில் நிறுக்கப்படும் நாள் வருமுன், இங்கேயே கணக்கைத் தீர்ப்போமாக. வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.