தொண்டும் வரிச்சலுகையும்

துன்புறும் மனத்துக்குத் துணைநிற்கும் பணிக்குப் பொருளைக் காட்டி ஆளை அழைப்பது அறத்துக்கு இழுக்காகுமா என்னும் வினா, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இல் இயற்றிய வரிச்சட்டமொன்றில் தெளிவாக எழுகிறது. அச்சட்டப்படி, மருத்துவ வசதி குன்றிய ஊரகப் பகுதியில் ஓராண்டில் வரையறுத்த அளவு மணி நேரம் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர், தாம் செலுத்த வேண்டிய மாநில வருமான வரியிலிருந்து 5,000 டாலரை நேராகக் கழித்துக்கொள்ளலாம். 2024இல் மனநல ஆலோசகர்களும் மருத்துவச் சமூகப் பணியாளர்களும் 3,000 டாலர் வரம்புடன் இதற்குள் கொண்டுவரப்பட்டனர்.

கைம்மாறு கருதிச் செய்வது அறமாகாது என்னும் எண்ணம் பழமையானது. புறநானூற்றின் 134ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயனைக்கூட எண்ணாமல் ஈந்தவன் என்றே வள்ளல் ஆய் அண்டிரனைப் போற்றுகிறார். வாணிகம் செழிக்க வேண்டுமென்பதற்காக நேர்மையாக நடக்கும் கடைக்காரரின் செயல் கடமையோடு ஒத்திருந்தாலும் அதற்கு அறமதிப்பு இல்லை என்று மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதினார். குருதிக்கு விலை வைத்தால், தன்னலம் கருதாது கொடுக்கும் இயல்பே சமூகத்தில் தேய்ந்துபோகும் என்பது 1970இல் சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ் முன்வைத்த வாதம்.

இவை கொடுப்பவரிடமிருந்து தொடங்கும் சிந்தனைகள். தற்கொலை எண்ணத்தோடு போராடும் ஒருவர், தம் ஊருக்கு வந்து சேர்ந்த சிகிச்சையாளரின் உள்நோக்கம் எவ்வளவு தூயது என்று அளந்துபார்க்கும் நிலையில் இருப்பதில்லை. சிகிச்சை அவருக்கு ஈகையாக அன்றி உரிமையாகவே சேர வேண்டியது. நகரத்து வருமானத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுவருமாறு ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு, ஏனையோர் எதையும் இழக்காதிருப்பதை அறம் என்று கொள்வதும் பொருந்தாது. கழிக்கப்படும் வரி பொதுப்பணமாதலால், அச்சுமையில் ஒரு பங்கை மாநிலத்தார் அனைவரும் ஏற்பது ஒப்புரவின்பாற்பட்டதே.

பெல்ஜியத்தின் கேல் நகரில், தூய திம்ப்னாவின் ஆலயத்தை நாடிவந்த மனநோயாளிகளைக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் வீடுகளில் வைத்துப் பேணிவந்துள்ளன. அதற்கு உதவித்தொகையும் பெறுகின்றன. சமய உணர்விலிருந்து பிறந்த அத்தொண்டைப் பணம் கெடுத்துவிடவில்லை. அவ்வாறு வந்தவர்களுள் சிலர் பல பத்தாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதே இங்குக் கருதத்தக்கது.

நியூ மெக்சிகோவின் சட்டம் தடுமாறுவதும் இவ்விடத்தில்தான். நோயாளி தம் மறைவான துயரை ஒருவரிடம் திறந்து சொல்லும் நம்பிக்கையின்மேல்தான் மனநல சிகிச்சை நிற்கிறது; அந்நம்பிக்கை முதிர ஆண்டுகள் ஆகலாம். சட்டமோ ஆண்டுதோறும் மணிக்கணக்கை மட்டுமே எண்ணுகிறது. பத்தாண்டுகள் ஓரூரில் தங்கியவருக்கும் நேற்று வந்தவருக்கும் அது ஒரே தொகையையே வழங்குகிறது. மேலும், வரியளவுக்கு மேற்பட்ட சலுகையைப் பணமாகத் தராமல், அடுத்த மூன்று ஆண்டுகளின் வரியில் கழிக்க மட்டுமே விடுவதால், குறைந்த ஊதியம் பெற்று வறியவர்களோடு மிக நெருங்கிப் பழகும் சமூகப் பணியாளர் அதன் முழுப் பயனை அடைவது அரிதாகிறது. தங்கும் ஆண்டுகள் கூடக்கூடத் தொகையும் கூடுமாறும், வரி போக எஞ்சுவது கையில் கிடைக்குமாறும் சட்டம் திருத்தப்படுமானால், அதனால் முதலில் பயனடைபவர், ஆண்டுக்கொரு புதிய முகத்திடம் தம் துயரக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல நேரும் நோயாளியே.