கிளச் பிளேட்டும் நியாய விலையும்

நியாய விலை என்னும் தொடரை நாம் சந்தையிலும் மேடையிலும் தாராளமாக வழங்கி வருகிறோம். அரிசிக்கும் சீனிக்கும் அரசாங்கம் உச்ச விலை விதிக்கும்போது, அத்தொடருக்குத் திட்டமான பொருள் ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால், பழுதடைந்த லொறி ஒன்றுக்குக் கிளச் மாற்றிக் கொடுப்பவனுக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று கேட்டால் வர்த்தமானியில் விடை கிடையாது. இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அதைத் தீர்மானித்தாக வேண்டும்.

நுவரெலியாவிலே லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் லொறியொன்றை எண்ணிக்கொள்வோம். கண்டியிலிருந்து 321 கிலோமீற்றர் நீளும் ஏ-9 வீதியில், மாத்தளையை எட்டுமுன், பலகடுவ ஏற்றத்தில் அது தடுமாறுகிறது. எஞ்சின் இரைகிறது, வண்டி ஏற மறுக்கிறது, கருகல் நாற்றம் எழுகிறது. கிளச் வழுக்குகிறது என்பதைச் சாரதி அக்கணமே அறிந்துகொள்வான். லொறி அவன் பெயரில் ஓடினாலும் முழுவதும் அவனுக்குச் சொந்தமானதன்று; தவணைப் பணம் இன்னும் சில ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டியிருக்கிறது. விடியுமுன் சந்தையை அடையாவிடின் மரக்கறி வாடிவிடும்; வாடிய சரக்குக்கு வியாபாரி கூலி தருவானோ என்பது அவனுடைய அச்சம்.

அருகில் ஒரு கராஜ் இருக்கிறது. அங்குள்ள தொழிலாளி வந்து பார்க்கிறான். அவன் செய்யப்போகும் வேலையை ஒருமுறை விளங்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் விலை பற்றிய பிணக்குகளிற் பெரும்பாலானவை வேலையின் தன்மையை அறியாமையால் விளைபவை. கிளச் பிளேட் என்பது எஞ்சினின் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே நெருக்கப்பட்டிருக்கும் ஒரு வட்டத் தகடு. எஞ்சினின் சுழற்சியை அதுவே கியர்பொக்ஸுக்குக் கடத்துகிறது. அதை மாற்றுவதற்குச் சிறிது நேரமே போதும்; அதை எட்டுவதற்குத்தான் நேரம் வேண்டும். பின்சில்லுகளுக்குச் செல்லும் தண்டைக் கழற்ற வேண்டும். கனத்த கியர்பொக்ஸை வண்டிக்கடியிற் படுத்துக்கொண்டு இறக்க வேண்டும். பின்னர் அதே பாரத்தைத் தூக்கி, தண்டின் பற்கள் பிளேட்டின் நடுத்துவாரத்தில் நேராக இறங்கும்படி பொருத்த வேண்டும். தேர்ந்த தொழிலாளி இத்தோடு நிற்பதில்லை. கழற்றிய பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால், கிராங்க் தண்டின் பின்புற ஓயில் சீல் ஒழுகுகிறதா என்று பார்ப்பான். அதனைக் கவனியாது புதிய பிளேட்டைப் போட்டால் அதுவும் வழுக்கும். கியர்பொக்ஸ் கீழே இருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடு என்பான். பின்னர் அது இரைந்தால் அத்தனை வேலையையும் மீண்டும் செய்ய நேரும்.

இங்கேதான் ஐயம் பிறக்கிறது. சீலும் பேரிங்கும் உண்மையாகவே வேண்டியவையா, அன்றிப் பணம் பறிக்கும் உபாயமா? அறிந்தவன் ஒருவன், அறியாதவன் ஒருவன். சந்தை ஒரு விலையைக் காண்பதற்கு இருவரும் சரிநிகராக நிற்க வேண்டும் என்பார்கள். பலகடுவ ஏற்றத்தில் அந்தச் சரிநிகர் நிலை ஏது?

லொறியிலே வாடிக்கொண்டிருக்கும் மரக்கறியையும் தொழிலாளி பார்த்துவிட்டான். அவன் இரு மடங்கு கேட்டாலும் சாரதி கொடுப்பான். இருவரும் மனமொத்த விலைதானே என்று வாதிடலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தோமஸ் அக்குவினாஸ் இவ்வினாவை ஆராய்ந்து கூறிய விடை இன்றும் கூர்மை குன்றாதது. பொருளை இழப்பதால் விற்பவனுக்கு நட்டம் நேருமாயின் அந்த நட்டத்தையும் அவன் விலையிற் சேர்க்கலாம். ஆனால், வாங்குபவனின் தேவை மிகுதி என்பதற்காக மட்டும் விலையை உயர்த்துதல் ஆகாது. அத்தேவை விற்பவனுக்கு உரியதன்று. தன்னிடம் இல்லாததை ஒருவன் விற்க முடியாது. சமயவாதி ஒருவரின் கூற்றாயினும், இதனை ஏற்றுக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. நள்ளிரவில் உறக்கத்தை விட்டு வந்ததற்குத் தொழிலாளி மேலதிகமாகக் கேட்பது நியாயமே. இழந்த உறக்கம் அவனுடையது. வாடும் கோவாவுக்காகக் கேட்பதுதான் நியாயமன்று. அதே லொறி பட்டப்பகலில் வெறுமையாக வந்து நின்றிருப்பின் எவ்வளவு கேட்டிருப்பான்? அதுவும் அவனது இரவு வேலைக்கான கூலியும் சேர்ந்த தொகையே நேர்மையானது.

இவ்வளவில் நிறுத்தினால் குற்றம் முழுவதும் தொழிலாளியின் தலையில் விழும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உதிரிப்பாகக் கடையிலே நாம் பேரம் பேசுவது அரிது. 2022 ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த பெறுமதி, மே மாதத்துள் 350 ரூபாயையும் கடந்தபோது பாகங்களின் விலை எகிறிற்று, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தோம். பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர் ஒன்று இருந்தால் அதன் விலையை இயற்கை நியதிபோல ஏற்றுக்கொள்கிறோம். கராஜுக்கு வந்ததும், 'கழற்றிப் பூட்டத்தானே, இதற்கு இவ்வளவா?' என்கிறோம். பெட்டிக்குள் இருப்பதும் எங்கோ ஒரு தொழிலாளியின் உழைப்புத்தான். பொருளில் உறைந்துவிட்ட உழைப்பை மார்க்ஸ் இறந்த உழைப்பு என்றார். அதற்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கண்ணெதிரே வண்டிக்கடியிற் கிடக்கும் உயிருள்ள உழைப்பிடம் பேரம் பேசுவது நமது விசித்திரமான வழக்கம்.

1990 இன் பின்னர் வடக்குக்கு உதிரிப்பாகங்கள் செல்வது தடைப்பட்டிருந்த காலத்தில் இவ்வழக்கம் சற்றுத் தளர்ந்திருந்தது. பாகம் இல்லை, கை மட்டுமே இருந்தது. பழைய மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த அந்தக் கைகளின் பெறுமதி அன்று எவருக்கும் விளங்கிற்று.

உழைப்புக்கு நேரான கூலி கிடைக்காதபோது அது வேறு வழியில் தன்னை ஈடுசெய்துகொள்ளும். கூலி பாகத்தின் விலைக்குள் ஒளிந்துகொள்கிறது. கடைக்காரன் கமிஷன் கொடுக்கிறான். பற்றுச்சீட்டில் தொகை ஏறுகிறது. சில வேளைகளிற் பாவித்த பாகம் புதியதென்று பூட்டப்படுகிறது. ஏமாற்று ஏமாற்றே; அதனை நான் மன்னிக்கவில்லை. எனினும், உண்மையான கூலியைச் சொன்னவனை விரட்டி, குறைத்துச் சொன்னவனிடம் வண்டியை விட்ட நமக்கும் அதிலே பங்குண்டு. அந்தக் குறைந்த கூலியின் சுமை இறுதியில் ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும் பையன்மீதே இறங்குகிறது. வேலை பழகுகிறான் என்ற பெயரில் அவனுக்குக் கிடைப்பது சாப்பாடும் கைச்செலவுக் காசுமே.

சாரதி பேரம் பேசுவதும் பேராசையால் அன்று. வாடகையை நிர்ணயிப்பவன் வியாபாரி. தவணையை நிர்ணயிப்பது லீசிங் கம்பனி. பாகத்தின் விலையை நிர்ணயிப்பவன் இறக்குமதியாளன். இம்மூவரில் எவரும் பலகடுவ ஏற்றத்தில் வந்து நிற்கவில்லை. சாரதியால் அசைக்கக்கூடிய தொகை, தன்னைப் போன்ற இன்னொருவனின் கூலி ஒன்றுதான்.

ஆகவே, கராஜ் வாசலிலே செய்யக்கூடியது சிறிது, ஆயினும் செய்யத்தக்கது. பாகத்தின் விலை வேறு, கூலி வேறு என்று பற்றுச்சீட்டில் தனித்தனியே எழுதச் சொல்லலாம். கழற்றிய பிளேட்டையும் பேரிங்கையும் கையிலே தரும்படி கேட்கலாம். தேய்மானத்தையும் எண்ணெய்க் கறையையும் சாரதி தன் கண்ணாலே காணட்டும். கூலி என்று எழுதப்பட்ட தொகை சற்றுக் கூடுதலாகத் தோன்றினால், அதிலே பையனுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.