அவையின் மௌனம்
(டிராம்பே சத்சங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த டிராம்பே மண்ணில் 1956 ஆகஸ்ட் 4 அன்று நம் நாட்டின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. தொட்டி நீரில் தோன்றும் நீல ஒளியின் அழகை எண்ணி நேரு அதற்கு ‘அப்சரா’ என்று பெயரிட்டார். இங்கே அமர்ந்திருப்போரில் பலர் அந்த மதிலுக்குள் பணிபுரிந்தவர்கள். அவர்களுள் ஒருவர்தாம் எனக்கு அதன் தத்துவத்தை விளக்கினார். ஓர் அணுக்கரு பிளந்தால் அதிலிருந்து நியூட்ரான்கள் பாய்ந்து அடுத்த அணுக்கருக்களைப் பிளக்கின்றன. அவை மேலும் பலவற்றைப் பிளக்கின்றன. இந்தத் தொடரை அடக்குவது எது? நடுவே இறக்கப்படும் கட்டுப்பாட்டுத் தண்டு. தன்மீது விழும் நியூட்ரானை அது விழுங்கிக்கொள்கிறது, அடுத்ததற்குக் கடத்துவதில்லை. அவ்வளவே அதன் பணி.

சொல்லும் அவ்வாறே பாய்கிறது. ஒருவன் ஒரு பெண்ணைப் பற்றி இழிவாக ஒரு வரி எழுதுகிறான், அல்லது அவள் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் படமாக்குகிறான். அதைப் பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது தண்டாக நின்றிருந்தால் தொடர் அங்கேயே தளர்ந்திருக்கும் அல்லவா?

சென்ற முறை இங்கே வந்தபோது, பிரசாத விநியோகம் முடிந்து கூட்டம் கலைந்த பின்னர் ஒரு தாய் தயங்கி நின்றார். சீட்டா கேம்பில் வசிப்பவர். பள்ளி செல்லும் மகளின் பெயரில் யாரோ இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்குத் தொடங்கி, அவள் படங்களை இட்டு, கீழே அருவருப்பான சொற்களை எழுதி வந்திருக்கிறார்கள். பெண் உண்ணாமல், உறங்காமல், பள்ளிக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். “சாமி, வெளியில் சொன்னால் மானம் போகும். ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வரைக்கும் போய்விடும். இது எங்கள் கர்மவினை என்று பொறுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார்.

அன்று அவருக்குக் கூறியதையே இன்று சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி ஒரு வீட்டின் கேள்வி அன்று.

மகாபாரதத்தின் சபா பர்வத்தை நினைவுகூருங்கள். திரௌபதியை அவைக்கு அழைத்துவர ஏவலன் வருகிறான். அவள் அழுதுகொண்டு உடன் போகவில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்புகிறாள். யுதிஷ்டிரர் முதலில் இழந்தது தம்மையா, என்னையா? தம்மை இழந்தவருக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை எங்கே இருக்கிறது? நன்கு கவனியுங்கள், இது ஒரு சட்டக் கேள்வி. கண்ணன் அருள் பின்னர் வந்தது. அதற்கு முன்பே அவள் நியாயம் கேட்டாள், அதையும் அவை நடுவே நின்று கேட்டாள். பக்தி என்பது வாய்மூடிப் பொறுத்தல் என்று எண்ணுவோர் இந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும்.

அவை என்ன செய்தது? பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்றார். துரோணர் வாய் திறக்கவில்லை. துரியோதனனின் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன் மட்டும் எழுந்து நின்று இது தவறு என்றான். அப்போது விதுரர் ஒரு பழைய வரலாற்றைக் கூறுகிறார். தம் மகன் விரோசனனுக்கும் சுதன்வாவுக்கும் எழுந்த வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டிய பிரகலாதர், பதில் கூறாமல் இருந்துவிட்டால் என்ன நேரும் என்று காசியபரிடம் கேட்டார். அவையில் இகழத்தக்க செயல் நிகழ்ந்து அதை எவரும் இகழாவிடில், பாவத்தில் பாதி அவையின் தலைவரைச் சேரும், கால் பங்கு செய்தவனைச் சேரும், எஞ்சிய கால் பங்கு வாளாவிருந்த அவையோரைச் சேரும் என்பது காசியபர் அளித்த விடையின் கருத்து. இந்தக் கணக்கைப் படிக்குந்தோறும் எனக்குத் திகைப்பு உண்டாகிறது. செய்தவனுக்குக் கால் பங்கு, தலைவனுக்கு அதைப் போல இருமடங்கு!

இன்று நம் கையிலுள்ள அவை வாட்ஸ்அப் குழு. உறவினர் குழு, ஊர்க் குழு, பள்ளித் தோழர் குழு என ஒவ்வொருவரும் எத்தனை அவைகளில் அமர்ந்திருக்கிறோம்! ஒரு குழுவில் உறுப்பினர் இட்ட பதிவுக்காக, பொது நோக்கம் எதுவும் இல்லாத நிலையில், குழு நிர்வாகியைக் குற்றவாளியாக்க இயலாது என்று 2021-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு தீர்ப்பளித்தது. சட்டத்தின் அளவில் அது நியாயமே. ஆனால் காசியபரின் கணக்கில் நிர்வாகி தப்புவதில்லை. விகர்ணனைப் போல ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? ‘இதை நீக்குங்கள், இது ஒருவர் வீட்டுப் பெண்’ என்று எழுதினால் போதும்.

மௌனத்தின் விலை என்ன என்பதை 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் கண்டோம். மாற்றி அமைக்கப்பட்ட படங்கள் முகநூலில் வெளியானதால் ஓர் இளம்பெண் தன் உயிரையே விட்டாள். குடும்பத்தார் முன்பே புகார் அளித்திருந்தனர். காவல்துறை தாமதித்தது என்று அவர்கள் மனம் வெதும்பினர். என் நெஞ்சை விட்டு அகலாதது வேறொன்று. அந்தப் படங்களை நான் அனுப்பவில்லை, என்னை நம்புங்கள் என்பதே தன் பெற்றோரிடம் அவள் கடைசியாக எழுதி வைத்த வேண்டுகோள்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் முதற்கடமை நம்புவது. குழந்தை வந்து சொல்லும்போது ‘நீ ஏன் படம் போட்டாய்?’ என்று தொடங்காதீர்கள். கைபேசியைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தாலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அருகில் அமருங்கள், அழ விடுங்கள், தனியே விடாதீர்கள். வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாகக் கொள்ளாமல் உடனே மருத்துவரை நாடுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098 உள்ளது.

கர்மவினை பற்றிய கேள்விக்கு வருகிறேன். நமக்கு நேரும் துன்பம் முன்வினையின் பயன் என்று சாஸ்திரம் கூறுவது உண்மை. அதே சாஸ்திரம் இப்போது நாம் செய்யும் முயற்சியையும் கர்மம் என்றே கூறுகிறது. வீட்டில் தீப்பற்றினால் வினை என்று சொல்லி எவரும் கைகட்டி நிற்பதில்லை, குடத்தை எடுக்கிறோம். குழந்தைமீது எறியப்பட்ட சேற்றுக்கு மட்டும் வினை என்று பெயர் சூட்டுவானேன்? உண்மையில் அங்கே பேசுவது அச்சம், வேதாந்தம் அன்று.

மேலும் சீட்டா கேம்ப் மக்களுக்கு முறையீடு புதிதா? அணுசக்தி நிலையத்துக்காக 1976 மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டு மக்கள் இங்கே குடியமர்த்தப்பட்டதை உங்கள் வீட்டு முதியோர் கண்டிருக்கிறார்கள். அப்போது மக்களைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம் நம் தமிழரே. அவர் மனுவும் முறையீடுமாகத் தில்லி வரை சென்று நின்றவர். வீட்டுக்காகக் கேட்ட வாய் குழந்தைக்காகக் கேட்கக் கூடாதா?

கேட்கும் முறையைச் சொல்கிறேன். சினத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள், பதிலுக்கு வசைபாடவும் வேண்டாம். பதிவின் படம், அதன் இணைய முகவரி, கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கணக்கின் பெயரை அவன் நொடியில் மாற்றிவிடுவான், ஆகவே முகவரி முக்கியம். செய்தி வந்த கைபேசியையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒரு எச்சரிக்கை. சிறுவர் சிறுமியரின் ஆபாசப் படமாக இருந்தால் ‘சாட்சிக்காக’ என்று உறவினருக்கு அனுப்பாதீர்கள். அதைப் பரப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆ பிரிவில் குற்றமாகும். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கொடுத்தவரிடம்தான் மீண்டும் கேட்பான்.

அடுத்து அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அந்தரங்கப் படம், போலிக் கணக்கு, மாற்றி அமைத்த படம் ஆகியவற்றைப் பற்றி பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ முறையிட்டால் விரைந்து நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் பணித்து, அதற்கு 24 மணி நேரக் கெடுவும் வைத்தன. அதில் நியாயம் கிடைக்காவிடில் மேல்முறையீடு செய்ய 2023-இல் மத்திய அரசு குழுக்களை அமைத்திருக்கிறது.

கூடவே காவல்துறை. தேசிய இணையக் குற்றத் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். அல்லது எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம். குற்றவாளி திருநெல்வேலியில் இருந்தாலும் டிராம்பேயில் கொடுத்த புகாரை எல்லையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78-ஆம் பிரிவும், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 79-ஆம் பிரிவும், மிரட்டலுக்கு 351-ஆம் பிரிவும் உள்ளன. பிறர் அடையாளத்தைத் திருடுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவர் எனில் பாலியல் குற்றங்களுக்கு போக்சோ சட்டமும் சேரும். நிலையத்தில் ஏற்க மறுத்தால் உயர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள், பிறகு நீதித்துறை நடுவரிடம் செல்லலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கான எண் 15100.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று சிலர் முணுமுணுப்பது தெரிகிறது. 2004-இல் சென்னையில் ஒரு பெண்மணி, தன் பெயரில் இணையக் குழு ஒன்றில் ஆபாசச் செய்திகள் வந்ததையும், அவற்றை நம்பி அந்நியர் தொலைபேசியில் தொல்லை தந்ததையும் கண்டு புகார் கொடுத்தார். எழுதியவன் பிடிபட்டது எங்கே தெரியுமா? நம் மும்பையில்! குடும்பத்துக்கு அறிமுகமானவன்தான். அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் அவனுக்கு 2 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. முகநூல்கூடப் பரவாத காலத்தில், புகார் கொடுத்த அதே ஆண்டுக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. ஒரு பெண் துணிந்ததால் சட்டத்தின் 67-ஆம் பிரிவுக்கு நாட்டில் முதல் தண்டனை கிடைத்தது என்று சட்டம் அறிந்தோர் இதைக் குறிப்பிடுவர்.

சட்டத்தை ஆயுதமாக்கும் ஆபத்தும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 2012 நவம்பரில் இங்கிருந்து தொலைவில்லாத பால்கரில், முகநூலில் ஒரு கருத்துக்காக இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டனர். அப்படிப் பயன்பட்ட 66-அ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. நம் கருத்தோடு ஒருவர் மாறுபடுவது வன்கொடுமை அன்று.

எழுதியவன் பக்கத்து வீட்டுச் சிறுவனாகவே இருந்துவிட்டால்? பல நேரங்களில் அப்படித்தான் முடிகிறது. 18 வயதுக்குக் குறைந்தவனை இளஞ்சிறார் நீதிக் குழுமம் விசாரிக்கும், திருத்துவதே அதன் நோக்கம். அவன் பெற்றோரும் நம் சத்சங்கத்துக்கு வருபவர்களாக இருக்கலாம். அவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மகனைக் காப்பாற்றுவதாக எண்ணி அவன் செயலை மறைக்காதீர்கள். திருதராஷ்டிரர் மகன்மீது வைத்த அன்பு மகனுக்கு உதவவில்லை. மன்னிப்பு வேறு, மறைப்பு வேறு. மன்னிக்கும் உரிமை காயம்பட்ட பெண்ணுக்கு மட்டுமே உண்டு. அவள் சார்பில் ஊர்ப் பெரியவர்கள் கூடி ‘சமாதானம்’ பேசி முடிப்பது அவளுக்கு இழைக்கும் இரண்டாம் அநீதி.

அந்தத் தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எண்களைக் குறித்துக்கொண்டார். பின்னர், “நிலையத்துக்கு நான் மட்டும் போகட்டுமா சாமி, பிள்ளையையும் கூட்டிப் போகட்டுமா?” என்று கேட்டார். புகாரை நீங்களே கொடுக்கலாம் அம்மா என்றேன். போக்சோ வழக்கானால் வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரியே, சீருடையின்றிப் பெற வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கூட வருவதா வேண்டாமா என்பதை அவளிடமே கேளுங்கள் என்றேன்.

மறுநாள் காலை இருவருமே போனார்கள்.