இரும்புக்கை மாயாவியும் ஒரு ளயீபான அறிவிப்பும்

இளவயதில் வாசித்த தொடர்கதைகளையும் சித்திரக் கதைகளையும் முதிர்ந்த வயதில் மறுபடி வாசிக்கலாமா என்றொரு கேள்வி நம் இலக்கிய நண்பர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. வாசித்தால் இருக்கிற இனிமையும் போய்விடும் என்பார்கள் சிலர். வாசித்து, சிரித்து, மூடிவைத்தால் போயிற்று என்பார்கள் வேறு சிலர். இரு சாராருமே இதை ரசனை பற்றிய விடயமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ இது அமானிதம் பற்றிய கேள்வியாகப் படுகிறது. அதைச் சொல்ல இரும்புக்கை மாயாவியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஓர் இலக்கியச் சஞ்சிகையில் மாயாவிக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாயாவி நம்மவன் அல்லன். இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழில் பிறந்தவன். ஆய்வுகூட விபத்தொன்றில் வலது கையை இழந்து, எஃகினாலான கையைப் பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் என்ற உதவியாளன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகும். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்த ஒற்றைக் கை 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. அந்நாட்களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு இருந்தது. 1977க்குப் பிறகு அது தளர்ந்தது. அதன் பின்னர்தான் எங்கள் பக்கத்துக் கைகளில் அவை தாராளமாகப் புழங்கின.

எங்கள் பக்கம் என்றால் றக்வான. மாதம்பையிலிருந்து தெனியாய வழியாகக் காலிக்குப் போகிற ஏ17 வீதியில், புளுத்தொட்டைக் கணவாயின் கொண்டையூசி வளைவுகளுக்கு முன்னால் இருக்கிற சிறு பட்டணம். கடைத்தெருவில் நாங்கள், சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், மலையேறினால் தேயிலையும் றப்பரும் லயங்களும். வாப்பாவின் கடையில் சாமான் சுற்றுவதற்குப் பழைய கடதாசிகளை நிறுத்து வாங்குவார்கள். அந்தக் கட்டுகளுக்குள்தான் முத்து காமிக்ஸும், தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளும், கல்கண்டும் வந்து சேர்ந்தன. முழுப் புத்தகமாக வந்தது அபூர்வம். நான் பாடசாலை விட்டு வருவதற்குள் சில பக்கங்கள் சரையாகி, செத்தல் மிளகாயோடும் பருப்போடும் தோட்டத்துக்குப் போயிருக்கும். துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்பது சில வேளை யாரோ ஒருவரின் மிளகாய்ச் சரையில் இருந்தது.

சம்பளத்துக்கு மறுநாள் தாயோடு சாமான் எடுக்க வருகிற தோட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். என் வயதுதான். தாய் கடன் கொப்பியைக் காட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவன் கடதாசிக் கட்டின் மேல் குந்தி வாசிப்பான். முடிவில்லாத புத்தகங்களை அவனிடம் கொடுத்துவிடுவேன். அவன் அவற்றை லயத்துக்குக் கொண்டுபோய், இரவில் இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வான். அடுத்த தடவை வரும்போது அந்தக் கதைக்கு ஒரு முடிவும் வந்துவிடும். எனக்கும் சொல்வான். ஒரு மாயாவிக் கதையை அவன் முடித்த விதம் இது: எதிரிகளைத் துரத்திக்கொண்டு மாயாவி றக்வான மலைக்கே வந்துவிடுகிறான். மறைய வேண்டும். மின்சாரம் இல்லை. நான் குறுக்கிட்டு, ஏன் தோட்டத்துக்கு வந்தான் என்று கேட்டிருப்பேன் போலும். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. "லயத்துல ஏது கரண்டு? ஸ்டோருக்குத்தான் போவணும். இல்லாட்டித் தொர பங்களாவுக்கு." மாயாவி இரவில் தேயிலை ஸ்டோருக்குள் புகுந்து மோட்டார்க் கம்பியைப் பிடிக்கிறான். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் போய்ப் பிரட்டுக்களத்து மணியை அடிக்கிறது. நேரம் கெட்ட நேரத்தில் மணி கேட்டு எல்லோரும் எழுந்து ஓடிவர, எதிரி அகப்பட்டுக்கொள்கிறான்.

சங்கர்லாலையும் அவன் விடவில்லை. சங்கர்லால் சிந்திக்கும்போதெல்லாம் தேநீர் அருந்துவார் என்பது வாசகர் அனைவருக்கும் தெரியும். அந்தத் தேயிலை எந்தத் தோட்டத்து ஸ்டோரில் அரைத்தது என்று கேட்பான். சென்னைத் தமிழ்வாணனுக்கு அந்தக் கேள்வி வந்திருக்க நியாயமில்லை.

அண்மைக் காலங்களில் மாயாவிக் கதைகளைச் சிவகாசியிலிருந்து நேர்த்தியான மறுபதிப்புகளாக வெளியிட்டார்கள். சிலவற்றை வரவழைத்து வாசித்தேன். எங்களிடம் பக்கம் குறைந்திருந்த அந்தக் கதையும் அதில் இருந்தது. முடிவு வேறு. அதில் ஆச்சரியமில்லை. முடிவுக்கு முன்னால் இருந்த பக்கங்கள், நான் கண்ணால் வாசித்த பக்கங்கள், அவையும் வேறாக இருந்தன என்பதே யோசிக்க வைத்தது. ஊர்கள் மாறியிருந்தன, வசனங்கள் மாறியிருந்தன. மலைச்சரிவு என்று என் மனத்தில் இருந்த இடம் அச்சில் துறைமுகமாக இருந்தது. நண்பன் சொன்ன முடிவு, நான் வாசித்த தொடக்கத்தைப் பின்னோக்கிப் போய்த் திருத்தி எழுதியிருக்கிறது.

இது ஒன்றும் தனிப்பட்ட விநோதமல்ல. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெட்ரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைப் பரிசோதனையாகவே காட்டியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிகள் பற்றிய கதையொன்றை ஆங்கிலேயர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, நாட்கள் இடைவெளி விட்டுத் திரும்ப எழுதச் சொன்னார். தோணி படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாத பகுதிகள் உதிர்ந்தன, புரிந்தவை பெருத்தன. ஆவிகளின் கதை அவரவர் வீட்டுக் கதையாகிவிட்டது. நாம் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதாக எண்ணும்போதெல்லாம் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருடைய முடிபு.

அச்சில் உள்ளது மட்டும் மாறாததா என்றால் அதுவும் இல்லை. லீ பாக் 1936இல் தொடங்கிய வேதாளர் கதைகளை இந்தியாவில் 1964 முதல் இந்திரஜால் காமிக்ஸ் பல மொழிகளில் வெளியிட்டது. மூலத்தில் 'சிங்' என்றிருந்த கடற்கொள்ளையர் அங்கே 'சிங்கா' ஆனார்கள். வங்காளத்தை நினைவூட்டிய நாட்டின் பெயர் 'டெங்காலி' என்று மாற்றப்பட்டது. இந்திய வாசகன் மனம் நோகக் கூடாது என்ற அக்கறை விளங்குகிறது. ஆனால் குள்ளமான கறுப்பு மனிதர்கள் ஒரு வெள்ளையனுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காவல் நிற்பது அப்படியே இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து சந்தா கட்டுவோர் எவரும் இல்லைதானே! அன்று வாசிக்கையில் அது என் கண்ணில் படவேயில்லை என்பதைவிட, தோட்டத்தில் தொரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்ற கூட்டத்திலிருந்து வந்த நண்பன் வேதாளர் கதையை ஒருபோதும் சொல்லிக் கேட்டதில்லை என்பதே இப்போது உறுத்துகிறது. மாயாவியும் அப்படித்தான்: அவன் தொடக்கத்தில் குற்றவாளி, பிறகே அரசாங்கத்தின் உளவாளி. எங்கள் நினைவில் அவன் எப்போதும் நல்லவன். ஞாபகம் மனிதர்களுக்கு மட்டுமல்ல, கற்பனை ஆட்களுக்கும் மஃபிறத்துத் தேடிக் கொடுக்கிறது.

நமது மரபு இந்த விடயத்தில் அலட்சியமாக இருந்ததில்லை. அல்குர்ஆன் யூசுப் நபியின் வரலாற்றைக் கதைகளில் மிக அழகியது என்று சிறப்பிக்கிறது. எனவே கதை என்பதே வேண்டாதது என்று சொல்ல இடமில்லை. ஆயினும் பள்ளிவாசல்களில் கதை சொல்லிக் கூட்டம் சேர்த்தவர்களைப் பற்றி உலமாக்கள் கடுமையாக எச்சரித்தார்கள். பக்தாதில் 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) கதை சொல்வோரையும் உபதேசிகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். அவரே ஆயிரக்கணக்கானோரை அழவைத்த உபதேசி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஹதீஸ் கலையோ சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவருடைய ஞாபகம் எத்தகையது என்று ஸனதை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பார்த்தது. பார்ட்லெட்டுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஞாபகத்தை நம்பாமல் ஞாபகத்தை வைத்தே ஒரு கலையைக் கட்டினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஜுர்ஜானிலிருந்து திரும்பும் வழியில் கள்வர்கள் அவருடைய குறிப்பேடுகளைப் பறித்துக்கொண்ட சம்பவத்தை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். நாங்கள் எடுத்துக்கொண்டதும் உன் கல்வி போய்விட்டதென்றால் அது என்ன கல்வி என்று கள்வர் தலைவன் கேட்டானாம். ஊருக்குப் போய் மூன்றாண்டுகள் இருந்து அனைத்தையும் மனனம் செய்தார் என்பர்.

கள்வனுடைய கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அதை மறுபுறமும் கேட்க வேண்டியிருக்கிறது. குறிப்பேடே இல்லாதவன் என்ன செய்வான்?

1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர்களைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீந்த 150,000 பேரைப் பத்தாண்டுகள் கழித்து 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். 1977 ஆகஸ்டில் சப்ரகமுவத் தோட்டங்களில் நடந்ததற்குப் பிறகு, போவதா இருப்பதா என்று தயங்கிக்கொண்டிருந்த பலருடைய தயக்கம் தீர்ந்துபோனது. நண்பனின் குடும்பமும் 1982இல் தலைமன்னாரில் கப்பலேறியது. 1984இல் அந்தக் கப்பற் சேவையே நின்றுவிட்டது. கடிதம் எதுவும் வரவில்லை. இங்கே அவனுக்குப் பிரஜாவுரிமை இருந்ததில்லை, நிலம் இருந்ததில்லை, லயத்துக் காம்பிராவும் தோட்டத்துடையது. அவன் இந்த மலையில் வாழ்ந்தான் என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சான்று மாயாவி ஸ்டோருக்குள் புகுந்த அந்தக் கதைதான். மின்சாரம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அறிந்த ஒருவனைத் தவிர வேறெவரும் அதைக் கட்டியிருக்க முடியாது.

ஆகவேதான் மறுபதிப்பை வைத்து நினைவைத் திருத்திக்கொள்வது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல என்கிறேன். அச்சுப் பிரதி வந்துவிட்டது, அதுவே சரி, மற்றதை மறந்துவிடு என்றால் சிவகாசிக்கும் லண்டனுக்கும் ஒரு நட்டமும் இல்லை. நட்டம் முழுவதும் ஒருவனுக்கு. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது அமானிதம் என்றால், இரவல் கொடுத்தவன் எங்கே என்று தெரியாத போது அதைத் தொலைக்காமல் வைத்திருப்பதும் அமானிதமே.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு, அது வலுவானது. அவன் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பார்ட்லெட்டின் மாணவர்கள் செய்ததை நானும் செய்திருக்கத்தான் வேண்டும். பிரட்டுக்களத்து மணி அவனுடையதா, பிற்காலத்தில் மலையகச் சிறுகதைகளை வாசித்த என்னுடையதா? முஹத்திஸ்கள் இந்த அறிவிப்பை எடுத்துப் பார்த்தால் ஒரே ராவி, அவரும் கதை எழுதுகிறவர், எனவே ளயீப் என்று ஒதுக்கிவைப்பார்கள். அது நியாயமே.

ஆனால் ளயீப் என்றால் இட்டுக்கட்டப்பட்டது என்று பொருளல்ல. இமாம் நவவி (ரஹ்) தமது நாற்பது ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையில், அமல்களின் சிறப்பைச் சொல்லும் விடயங்களில் பலவீனமான அறிவிப்பின்படி செயல்படலாம் என்று உலமாக்கள் கொண்டிருப்பதைக் குறிப்பிடுகிறார். மாற்றுக் கருத்துடையோரும் உள்ளனர். சட்டம் எடுக்க அது ஆகாது. பலவீனம் மறைக்கப்படவும் கூடாது. மார்க்கத்தின் அளவுகோலை மிளகாய்ச் சரைக் கதைக்கு வைப்பதா என்று யாரும் கோபிக்க வேண்டாம். தரம் பிரித்து, தரத்தைச் சொல்லி, அதன் பிறகும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்கிற அந்தப் பக்குவத்தைத்தான் இரவல் வாங்குகிறேன். நவீன இலக்கியத்தில் அது நம்மிடம் குறைவு. உம்மும்மாமார் சொன்ன கிஸ்ஸாக்களை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பிழை என்று தள்ளினோம். சித்திலெவ்வை மரைக்கார் 1885இல் எழுதிய அசன்பேயின் கதை, சிறு பிராயத்தில் கடத்தப்பட்ட ஓர் எகிப்தியப் பையனின் சாகசம். அதை ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். வாசித்த பிள்ளைகள் அதை எப்படித் திருப்பிச் சொன்னார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

பேத்திக்கு இப்போது இரண்டு முடிவுகளையும் சொல்கிறேன். இது புத்தகத்தில் உள்ளது, இது இன்ன தோட்டத்துப் பையன் சொன்னதாக எனக்கு ஞாபகம் என்று பிரித்தே சொல்கிறேன். அவளுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுகிறாள். அந்த லயங்களில் இப்போது மின்சாரமும் தொலைக்காட்சியும் உண்டு, அவள் பார்த்திருக்கிறாள். "மூத்தாப்பா, அங்கேயே பிளக் இருக்கே, அவர் ஏன் ஸ்டோருக்குப் போகணும்?" என்று கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் மாயாவியின் முறை வர வெகுநேரமாகிறது.