உள்ளே இருப்பவர்களின் கடன்

தன்னவர் யார் என்பதை ஒரு சமூகம் முடிவு செய்யலாம். அந்த உரிமை இல்லாவிட்டால் எந்த வழிபாடும் தலைமுறை தாண்டி நிற்பது கடினம். ஆனால் தன்னவர் என்று ஏற்றுக்கொண்டவர்களிலேயே சிலரை உள்ளேயும் சிலரை வெளிக்கூடத்திலும் உட்காரவைக்கும் உரிமை அதற்கு உண்டா? மலேசியாவின் பண்டமாரானிலும் கிள்ளானிலும் ஆலய நிர்வாகத்தில் இருப்பவர்கள் தள்ளிப்போட முடியாத கேள்வி இது. இதை எடைபோட நம்மிடமிருந்து வெகுதூரத்தில் இருப்பதாகத் தோன்றும் ஒரு சிறு சமூகத்தின் வரலாறு பெரிதும் உதவுகிறது. அவர்கள் கொச்சி யூதர்கள்.

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்தில் 1568இல் எழுந்தது பரதேசி ஜெப ஆலயம். பார்க்கப் போகிறவர்கள் அதன் தரையில் பதித்த சீனத்து நீல ஓடுகளைப் புகழ்வார்கள். அந்த ஆலயத்தில் தரையில் உட்கார்ந்தவர்கள் யார் என்று கேட்பவர்கள் குறைவு. தொழ வந்தவர்களில் ஒரு பகுதியினர் மெஷுக்ராரிம் எனப்பட்டார்கள். யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அதே ஜெபம், அதே ஓய்வுநாள், அதே உணவு விலக்குகள். ஆயினும் உள்ளே இருந்த இருக்கைகள் அவர்களுக்கு இல்லை. யூத மறைநூலான தோராவை வாசிக்க அவர்களை அழைக்க மாட்டார்கள். பெண் கொடுத்து எடுப்பதில்லை. இறந்த பிறகும் தனி இடம்தான்.

ஆபிரகாம் பராக் சேலம் 1882இல் இந்தப் பிரிவில் பிறந்தார். சென்னையில் படித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், 1929இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்றார். சட்டசபையில் எழுந்து பேச முடிந்த மனிதர், தம் சொந்த ஜெப ஆலயத்தில் ஓர் இருக்கைக்குப் போராட வேண்டியிருந்தது. காந்தியின் சத்தியாகிரகத்தை அவர் தம் மக்களிடமே கையாண்டார். சில காலம் ஆலயத்தையே புறக்கணித்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் ஒருவர் ஆலயத்தின் உள்ளே அமர்ந்த பரதேசிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண்ணை மணந்தபோதுகூட ஊரில் எதிர்ப்பு ஓய்ந்திருக்கவில்லை.

இதில் நெஞ்சை மிகவும் உறுத்தும் செய்தி இன்னும் பழையது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இந்தச் சிக்கல் கெய்ரோவில் இருந்த யூத மத அறிஞர் ரபி டேவிட் இப்னு ஸிம்ராவிடம் போயிற்று. அடிமை வழி என்று தாழ்த்தப்பட்டவர்கள் முறைப்படி நீராட்டுச் சடங்கை முடித்தால் முழு யூதர்களே, அவர்களோடு மணவுறவும் கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். மதச் சட்டம் ஒதுக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றது, வழக்கம் எதிர்ப்பக்கம் நின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வழக்கமே வென்றது. கொச்சி ஆலயங்களைப் பட்டம் பெற்ற ரபிகள் நடத்தவில்லை, ஊர் மூப்பர்களே நடத்தினார்கள். கடல் தாண்டி வந்த தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே இருந்தவரை அழைத்து வந்து தம் பக்கத்தில் உட்காரவைக்கும் துணிவு அவர்களில் எவருக்கும் வரவில்லை.

மூப்பர்களின் தரப்பையும் கேட்கத்தான் வேண்டும். சில குடும்பங்களே கொண்ட சமூகம், சுற்றிலும் வேறு மதங்கள், வேறு சாதிகள். கலந்தால் கரைந்துவிடுவோம் என்ற அச்சம் பொய்யன்று; மலேசியத் தமிழர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் ஊரைக் காக்கப் போட்ட வேலி ஊருக்குள் பிறந்தவரின் குறுக்கே அல்லவா போடப்பட்டது! எல்லையைக் காப்பதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். எல்லைக்குள் மேல் கீழ் வைப்பதற்குச் சொல்லப்படும் நியாயமெல்லாம் அதிலிருந்து கடன் வாங்கியதுதான்.

அவமதிப்பைச் சகித்துக்கொண்டு ஏன் அங்கேயே இருக்க வேண்டும், தனி ஆலயம் கட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போவது தவறல்ல, தன்மானத்துக்காகப் பிரிந்தவரைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. சேலம் பிரியாமல் நின்றது பெருமைக்குரியது. ஆனால் அந்தப் பொறுமையை ஒதுக்கப்பட்ட எல்லாரிடமும் கடமையாகக் கேட்பது இன்னொரு கொடுமை. தாமதத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒதுக்கியதால்தான் சமூகம் கரைந்தது என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து தொழக் கிடைத்த ஆண்டுகள் மிகக் கொஞ்சம். அந்த இழப்பை ஈடுசெய்ய வழியில்லை.

ஒதுக்கப்பட்டவர்களிலிருந்தே தலைவர் உருவாகும் வழியும் இருக்கிறது. உகாண்டாவின் அபாயுதாயா மக்கள் 1919 முதல் யூத நெறியைத் தாமாகவே மேற்கொண்டவர்கள். அவர்களில் பிறந்த கெர்ஷோம் சிசோமு லாஸ் ஏஞ்சலசில் பயின்று 2008இல் ரபி பட்டம் பெற்றார். ஊர் திரும்பித் தம் மக்களை வழிநடத்தினார். அவர் கற்கத் தயாராக இருந்தது பாதி, கல்விக்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது மறுபாதி. தமிழ்நாட்டில் அந்த மறுபாதி எளிதில் கிடைக்கவில்லை: எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970இல் சட்டமாகத் தொடங்கிய உரிமை, பயிற்சி முடித்த பல சாதியினர் 2021 ஆகஸ்டில் பணி ஆணை பெறும்வரை அரை நூற்றாண்டு இழுத்தது. கற்றுத் தேர்ந்த பிறகும் அவர்களைக் காக்கவைத்தார்கள் என்பதுதான் வருத்தம்.

மலாயாத் தோட்டங்களில் லயங்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த காலம் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்கு வந்துவிட்டார்கள். இன்று யாரும் யாரையும் வெளிப்படையாகத் தள்ளி உட்காரவைப்பதில்லை. ஆயினும் நிர்வாகத்துக்குப் பெயர் முன்மொழியும்போதும், முதல் மரியாதை யாருக்கு என்று பேசும்போதும் பழைய கணக்கு எங்கேனும் தலைநீட்டினால், எழுந்து மறுக்க வேண்டியவர் மேடையில் இருக்கும் தலைவர். அந்தப் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டக் கூடாது. நம் ஆலயங்கள் பலவும் குருக்களைத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைக்கின்றன. எந்தக் குடும்பம் என்று கேட்காமல் உள்ளூர்ப் பிள்ளைகளை ஆகமப் பயிற்சிக்கு அனுப்பலாம், முடித்து வந்தவரைக் கருவறையில் நிறுத்தலாம். உபயக்காரர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், ஒரு வருடத்து உபயம் குறையவும் கூடும். அந்தக் குறையை நிர்வாகம் தாங்கிக்கொள்ளட்டும். படித்து முடித்து வந்து நிற்கும் பிள்ளையிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்ல வேண்டாம்.