கிழவியின் தலைமாட்டில்

ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் 'முதல் காதல்' குறுநாவலை நான் முதலில் படித்தபோது எனக்கு வயது 17. சோவியத் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்த காலம். கடைசிப் பக்கம் மட்டும் பிடிக்கவில்லை. ஜினயீதாவையும் அவள்மேல் உயிரை வைத்த 16 வயதுப் பையன் விளதீமிரையும் சுற்றியே வந்த கதையில், பெயர்கூட இல்லாத ஓர் ஏழைக் கிழவி திடீரென்று வந்து செத்துப்போகிறாள். எதற்கு இவள் என்று எரிச்சலோடு மூடிவைத்தேன். இப்போது எனக்கு 61. அந்தக் கிழவிக்காகத்தான் நான் மறுபடி மறுபடி அந்தப் புத்தகத்தை எடுக்கிறேன்.

கதை 1833 கோடையில், மாஸ்கோவில் நெஸ்கூச்னி பூங்காவுக்கு எதிரே உள்ள ஒரு வாடகை வீட்டில் தொடங்குகிறது. பக்கத்தில் குடிவருகிறது, நொடித்துப்போன ஒரு பிரபுக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் 21 வயது ஜினயீதா. பையன் அவளுக்காக உயரமான சுவரிலிருந்து குதிக்கிறான். அவள் மனம் போனதோ அவனுடைய அப்பாவிடம். ஒருநாள் அப்பா குதிரைச் சவுக்கால் அவள் கையில் அடிப்பதையும், அவள் அந்தச் சிவந்த தழும்பை முத்தமிடுவதையும் அவன் ஒளிந்திருந்து பார்க்கிறான். தன் காதல் எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானது என்று அவனுக்கு அன்றுதான் உறைக்கிறது. சில மாதங்களில் அப்பா பக்கவாதத்தில் போய்விடுகிறார். வயது 42.

நான்கு வருடம் கழித்து, திருமணமான ஜினயீதா அவன் இப்போது வசிக்கும் பீட்டர்ஸ்பர்க்கில்தான் இருக்கிறாள் என்று தெரிகிறது. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுகிறான். போய்க் கேட்டால், நான்கு நாளைக்கு முன் பிரசவத்தில் இறந்துவிட்டாளாம். அழுகை வரவில்லை. சில நாள் கழித்து, தன் வீட்டிலேயே குடியிருந்த ஒரு கிழவியின் சாவுக்குத் தானாகவே போய் உட்காருகிறான். பலகைமேல் கந்தல், தலைக்கு ஒரு கோணிப்பை. வாழ்நாளில் ஒரு சுகமும் காணாதவள். அவளுக்குச் சாவு விடுதலையாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அவளும் பயந்து நடுங்கி, பாவத்தை மன்னிக்கும்படி ஆண்டவனைக் கேட்டுக்கொண்டே போகிறாள். அங்கேதான் அவனுக்கு ஜினயீதாவை நினைத்துப் பயம் வருகிறது.

எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் ஆச்சி குடியிருந்தார். உறவில்லை. இட்லி அவித்து விற்றுப் பிழைத்தவர். மூன்று வருடத்துக்கு முன் அவர் இழுத்துக்கொண்டு கிடந்த இரவில், பக்கத்து வீட்டுப் பெரியவர் சிவபுராணம் வாசித்தார். "நீயும் ஒரு வாய் ஊத்தும்மா" என்று பால் கரண்டியை என் கையில் கொடுத்தார்கள். பால் கடைவாயில் வழிந்தது. ஆச்சியின் விரல்கள் என் புடவைத் தலைப்பை இறுகப் பற்றியிருந்தன.

எனக்கும் ஒருவர் இருந்தார், பதினெட்டு வயதில். சாதி வேறு. பேச்சே எழாமல் முடிந்துபோன விஷயம். அவர் இறந்த செய்தி ஒரு கல்யாணப் பந்தியில் என் காதில் விழுந்தது. இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு ரசம் வாங்கிக்கொண்டேன். ஆச்சியின் வாயைத் துடைத்த அந்த நிமிடத்தில்தான், அந்த மனிதருக்கு யார் பால் ஊற்றினார்கள், அவர் எதைப் பற்றிக்கொண்டிருந்தார் என்று முதல்முறையாக நினைத்தேன். கை நடுங்கிவிட்டது.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போவது வீட்டாருக்காக. கேட்பவர் இல்லை என்று நினைக்கிறவள் யாரிடம் என்ன வேண்டுவது? ஆனாலும் அன்று வேண்டினேன்: அவர் பயப்படாமல் போயிருக்க வேண்டும் என்று. முடிந்துபோன சாவுக்கு முன்தேதியிட்டு ஒரு வேண்டுதல். அறிவுக்கு ஒவ்வாதது என்று தெரியும். அதைவிட உண்மையாக நான் எதையும் கேட்டதில்லை. நம்பிக்கை வந்த பிறகுதான் பிரார்த்தனை வரும் என்று சொல்கிறவர்கள் யாருடைய தலைமாட்டிலாவது விடிய விடிய உட்கார்ந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

துர்கனேவும் மத நம்பிக்கையாளர் அல்ல. கதையின் பெரும்பகுதி அவர் சொந்த வாழ்வு. அவருடைய அப்பா 1834இல் இறந்தார். 1860இல் வெளிவந்த இந்தக் கதையின் முடிவில் விளதீமிருக்கு, ஜினயீதாவுக்காகவும் அப்பாவுக்காகவும் தனக்காகவும் பிரார்த்திக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பிரார்த்தித்தானா என்று அவர் எழுதவில்லை.