பணம் வையாத பந்தயம்

விளையாட்டைத் திருச்சபை ஒருபோதும் பகைத்ததில்லை. களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல, களைத்த உள்ளத்திற்கு விளையாட்டு வேண்டும் என்று தூய தோமா அக்வினார் தம் இறையியல் தொகுப்பில் நிறுவுகிறார். அளவறிந்து மகிழ்தலை அவர் ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். தானும் மகிழாமல் பிறர் மகிழ்வையும் கெடுப்பவனிடம் குறை உண்டு என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. ஆகவே, இளைஞர் விளையாடக் கண்டதும் முகம் சுளிப்பது அருள்பணியாளருக்கு அழகன்று. இந்த எண்ணத்தோடுதான், 2025 அக்டோபர் இறுதியில் நம்மைத் தேடி வந்த பங்கு இளைஞர்களை வரவேற்றோம்.

பாடி உழைப்பவர்களின் ஊர். லூக்காஸ் நிறுத்தத்தில் ஆலை வேலைக்குப் போகிறவர்களும் வேலை முடித்துத் திரும்புகிறவர்களும் ஒருவரையொருவர் கடந்து செல்லாத நாளில்லை. அப்படி வேலை முடித்து வந்த இளைஞர் சிலர் கையில் ஒரு தாளோடு வந்தனர். நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் அக்டோபர் 27 முதல் நவம்பர் 2 வரை மகளிருக்கான சென்னை ஓப்பன் போட்டி நடைபெறவிருந்தது. 2022-இல் முதன்முறையாக இங்கு நடந்த அம்மகளிர் போட்டி மூன்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருந்தது. அதை வைத்து அவர்கள் 'ஃபேன்டசி டென்னிஸ்' விளையாடப் போவதாகக் கூறினர். பந்தைத் தொடாமல், வீராங்கனையரின் பெயர்களை மட்டும் கொண்டு ஆடும் ஆட்டம் அது.

விதிகளை அவர்கள் தெளிவாக எழுதியிருந்தனர். முதன்மைச் சுற்றில் ஆடும் முப்பத்திரண்டு பேரில் எண்மரை ஒவ்வொருவரும் தம் அணியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். தரவரிசை தந்து முன்னிறுத்தப்பட்டவர்களில் இருவருக்கு மேல் எடுக்கக் கூடாது. முதல் ஆட்டம் தொடங்குமுன் பட்டியலைத் தந்துவிட வேண்டும். தந்தபின் ஒரு பெயரையும் மாற்ற இயலாது. உலக மகளிர் டென்னிஸ் சங்கம் வழங்கும் புள்ளிகளே இங்கும் புள்ளிகள்: பட்டம் வெல்பவருக்கு 250, இறுதியில் தோற்பவருக்கு 163. கடைசி விதியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தனர்: பணம் கட்டக் கூடாது.

அடிக்கோட்டிற்குக் காரணம் இருந்தது. கைப்பேசியில் பணம் கட்டி ஆடிச் சம்பளத்தைத் தொலைத்தவர்களை அவர்கள் அறிவர், நாமும் அறிவோம். இத்தீமையைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அதிர்ஷ்ட ஆட்டம் தன்னளவில் நீதிக்கு முரணன்று. தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் தேவையானதை அது பறிக்கும்போது ஏற்கத்தகாததாகிறது என்று போதிக்கிறது. வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இவை எல்லாம் பொருளிழப்பைப் பற்றியவை என்று எண்ணிய இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "காசே இல்லை ஃபாதர். அப்போ இதில் தப்பும் இல்லைதானே?"

இல்லை என்றோம். அது மட்டுமன்று, நாமும் எட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தோம்.

அந்த வாரம் இனிமையாகவே கழிந்தது. குறித்த நேரத்திற்கு ஐந்து நிமிடம் பிந்திப் பட்டியல் கொண்டுவந்த ஒருவர், பிறர் வற்புறுத்தியும் கேளாமல் அதைத் தாமே கிழித்துப் போட்டார். விதிப்படி போட்டியிடாதவர் வாகை சூடுவதில்லை என்று திமொத்தேயுவுக்கு எழுதிய பவுலடியார் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை வென்று பட்டம் பெற்றார். நம் பட்டியலில் இருவருமே இல்லை. சிரித்துக்கொண்டே கலைந்தோம். ஆட்டம் பிடித்துப்போனதால் அயல்நாட்டுப் போட்டிகளுக்கும் அது தொடர்ந்தது.

அப்படி ஒருநாள் மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்தில் அமர்ந்து, ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குனிந்திருந்தோம். ஆடிக்கொண்டிருந்த இருவரில் ஒருத்தி நம் பட்டியலில் இருந்தவள். மற்றவள் ஓர் இளைஞரின் பட்டியலில் இருந்தவள். அந்த மற்றவள் ஓடிச் சென்று பந்தை எடுக்கையில் கணுக்கால் மடங்கிற்று. மருத்துவ உதவியாளர் வந்து கட்டுப் போட்டார். அவள் எழுந்து சிறிது நேரம் நொண்டியபடி ஆடிப் பார்த்தாள். பின் கண்ணீரோடு வலையருகே சென்று எதிராளியின் கையைப் பற்றி விலகிக்கொண்டாள். "இவளை நம்பி மோசம் போயிட்டேன் ஃபாதர்" என்றார் அந்த இளைஞர். அவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்த நாம், நம் உள்ளத்தைப் பார்த்து நின்றுவிட்டோம். அவள் விழுந்தபோது நமக்குள் முதலில் எழுந்தது இரக்கமன்று, மகிழ்ச்சி. நம் கணக்கில் புள்ளி ஏறிற்றே என்ற மகிழ்ச்சி!

அன்றிரவு ஆன்ம ஆய்வின்போது அந்த மகிழ்ச்சி நம்மை உறங்க விடவில்லை. ஒரு காசும் கைமாறவில்லை. ஒரு விதியும் மீறப்படவில்லை. ஆயினும் முகம் அறியாத ஒரு பெண்ணின் வலி நமக்கு ஆதாயமாகியிருந்தது.

இது சிறு குற்றம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இதே விதை எங்கு போய் முளைக்கிறது என்று பாருங்கள். 2021-இல் அமெரிக்க ஓப்பனில் தோற்ற ஸ்லோன் ஸ்டீவன்ஸ், தமக்கு இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட வசைச் செய்திகள் வந்தன என்று வெளிப்படுத்தினார். மகளிர் டென்னிஸ் சங்கமும் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பும் 2024-ஆம் ஆண்டைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, 458 பேரைக் குறிவைத்துச் சுமார் எட்டாயிரம் வசைப்பதிவுகள் எழுதப்பட்டதாகவும், அவற்றில் பத்தில் நான்கு, பந்தயத்தில் தோற்றுச் சினந்தவர்களுடையவை என்றும் கூறுகிறது. 'இவளை நம்பி மோசம் போனேன்' என்ற சொல்லில் இருப்பது இந்தச் சினத்தின் தொடக்கமே. பணம் அதைப் பெருக்குகிறது. ஆனால் பணம் மட்டும் அதைப் பிறப்பிப்பதில்லை.

மெய்யான ஆடுகளத்தில் இதற்கு ஒரு மருந்து உண்டு. 2022 சென்னை இறுதியாட்டத்தில், கடைசி செட்டில் 1-4 எனப் பின்தங்கியிருந்த பதினேழு வயது லிண்டா ஃப்ரூவிர்டோவா மீண்டெழுந்து மக்தா லினெட்டை வென்றார். ஆடுகளத்தின் வழக்கப்படி வென்றவர் வலையருகே சென்று, தோற்றவரின் முகத்தைப் பார்த்து, கை கொடுத்தாக வேண்டும். வெற்றிக்கு விலை தந்தவரைப் பாராமல் எவரும் களத்தை விட்டுப் போவதில்லை. நம் பட்டியலிலோ வலையும் இல்லை, கைகுலுக்கலும் இல்லை. அங்கே மனிதர் பெயராகிறார், பெயர் எண்ணாகிறது.

கல்வாரியில் நடந்த ஓர் ஆட்டத்தை யோவான் குறித்து வைத்திருக்கிறார். தையலில்லாத அங்கியைக் கிழித்துப் பாழாக்க வேண்டாம் என்று படைவீரர் தமக்குள் பேசி முடிவெடுத்துச் சீட்டுக் குலுக்கினர். நேர்மையான ஏற்பாடுதான். ஒருவரும் மற்றவரை ஏமாற்றியதாக நற்செய்தியில் இல்லை. அவர்கள் தங்கள் ஆட்டத்தின் விதியைக் காத்தார்கள். ஆனால் தலைக்கு மேலே ஒருவர் இறந்துகொண்டிருந்தார். ஆட்டத்திற்குள் நேர்மையாக இருந்துகொண்டே அன்பிற்கு எதிராக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறு ஞாயிறு இளைஞர்களிடம் நம் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். ஆட்டத்தை நிறுத்தும்படி சொல்லவில்லை, அவர்களும் நிறுத்தவில்லை. ஆனால் தாளில் ஒரு விதியைச் சேர்த்தனர்: காயத்தால் ஒருவர் விலகினால், அந்த ஆட்டத்தின் புள்ளி எவர் கணக்கிலும் ஏறக் கூடாது. 'மோசம் போயிட்டேன்' என்ற இளைஞரே அதைத் தம் கையால் எழுதினார்.

அவ்விதி நம் உள்ளத்தைத் திருத்திவிடும் என்று நாம் நம்பவில்லை. பிறர் வீழ்ச்சியில் பிறக்கும் மகிழ்ச்சியைத் தாளில் எழுதும் விதி எதுவும் தடுக்காது. அலுவலகத்திலும் உறவுகளிடையிலும் பங்குப் பேரவையிலும் அதே மகிழ்ச்சி வேறு உடையில் வருகிறது. ஆயினும், அவ்விதி குனிந்த தலையை ஒரு நொடி நிமிர்த்துகிறது. சிலுவையடியில் நின்ற நூற்றுவர் தலைவரும் உரோமைப் படையைச் சேர்ந்தவரே. அவர் நிமிர்ந்து பார்த்தார். அதனால் இறைமகனைக் கண்டார்.